பெயரும் சடங்கும் குணமாக்கும் பணியில் பெறும் இடம்: வாசகர் கேள்விகள்

கனடாவின் சில மருத்துவமனைகளில், மரபறிவுக்காக மதிக்கப்படும் பூர்வகுடி மூத்தோர் மருத்துவர்களுடன் இணைந்து நோயாளிகளைப் பார்ப்பது குறித்து முந்தைய இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சடங்கைப் பற்றியும் பெயரிடுதலைப் பற்றியும் கேட்கின்றன. பூர்வகுடி மக்கள் என்று ஒரே பெயரால் சுட்டினாலும், அவர்கள் நூற்றுக்கணக்கான தனித்தனி மொழியும் வழக்கமும் உடைய சமூகங்கள் என்பதால், ஒவ்வொரு செய்தியும் எந்த மக்களுடையது என்பதைச் சேர்த்தே கூறியிருக்கிறேன்.

கேள்வி: சடங்கு செய்ததால் ஒருவர் தேறினார் என்றால், அது அவருடைய நம்பிக்கையின் விளைவுதானே? அதைச் சிகிச்சை என்று எப்படி ஏற்பது?
(மனநல ஆலோசனைப் படிப்பின் இறுதியாண்டில் உள்ள வாசகி)

நம்பிக்கைக்கு அதில் பங்குண்டு. மாத்திரைக்கும் அறுவைக்கும்கூட அந்தப் பங்கு உண்டு. ஆனால் நம்பிக்கை என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துக்கொண்டால், சடங்கின்போது உண்மையில் என்னென்ன நடக்கின்றன என்பதைக் கவனிக்காமலே விட்டுவிடுவோம். எனவே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தங்களைத் தினே என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்கள் அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரவி வாழ்கிறார்கள். ஒருவருக்கு நோய் வந்தால், அவருக்கும் அவரைச் சூழ்ந்துள்ள உலகுக்கும் இடையில் இருந்த இசைவு எங்கோ குலைந்திருக்கிறது என்பது அவர்களுடைய பார்வை. குலைந்த இடத்தைக் கண்டறிபவர் ஒருவர். அதைச் சீர்செய்யும் சடங்கை நடத்துபவர் வேறொருவர். நடத்துபவரைப் பாடகர் என்றே அழைக்கிறார்கள், ஏனெனில் சடங்கின் முதுகெலும்பு நூற்றுக்கணக்கான பாடல்கள்தான். அவற்றை ஒரு சொல்லும் பிறழாமல் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். 'இரவு வழி' எனப்படும் சடங்கு குளிர்காலத்தில் மட்டும், ஒன்பது இரவுகள் நடைபெறும். வண்ண மணலாலும் பொடித்த கற்களாலும் தரையில் தெய்வ உருவங்களை வரைந்து, நோயாளியை அவற்றின் மீதே அமரச் செய்து, உருவங்களின் மணலை எடுத்து அவருடைய உடலில் தடவுவார்கள். அதன்பின் அந்த ஓவியத்தை அழித்து, மணலை வெளியே கொண்டுபோய்விடுவார்கள். அதைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வது வழக்கமில்லை.

இந்தச் சடங்கை நோயாளி தனியாக ஏற்பாடு செய்துகொள்ள இயலாது. விறகும் மாவும் ஆடுகளும் வேண்டும். சமைக்க ஆட்கள் வேண்டும். பாடலில் துணைசேர ஆட்கள் வேண்டும். தாய்வழி உறவினரும் தந்தைவழி உறவினரும் செலவையும் உழைப்பையும் பகிர்ந்துகொண்டு, தங்கள் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து சேர்கிறார்கள். நீண்டகாலமாகத் தன் துயரத்தோடு ஒடுங்கிக் கிடந்த ஒருவருக்கு, இத்தனை பேர் தனக்காக இரவு முழுவதும் விழித்திருக்கிறார்கள் என்பது கண்முன் நிகழ்கிறது. பேசாதிருந்த உறவினர்கள் பேசியாக வேண்டிய நிலையும் பல வேளைகளில் உருவாகிறது. சடங்கு முடிந்த பிறகும் நோயாளி நான்கு நாட்கள் சில கட்டுப்பாடுகளோடு இருக்க வேண்டும். அந்நாட்களில் வீட்டாரும் அவரை அதற்கேற்ப நடத்துவார்கள்.

'பகைவர் வழி' என்ற இன்னொரு சடங்கு, போர்க்களத்தில் அயலாரின் மரணத்தைத் தொட்டுத் திரும்பியவர்களுக்கானது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய நவஹோ வீரர்கள் பலருக்கு அவர்களுடைய குடும்பங்கள் இதைச் செய்தன. வியட்நாம் போருக்குப் பின்னரும் செய்தன. போரில் கண்டவை மனிதனை வீட்டுக்குள்ளும் துரத்தும் என்பதை மருத்துவ உலகம் ஒரு நோயாகப் பெயரிட்டுப் பட்டியலிட்டது 1980இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மக்களிடம் அதற்கென ஒரு முறை இருந்தது; அந்த முறையில் வீரன் குற்றவாளியாகவோ பலவீனனாகவோ நடத்தப்படவில்லை, இன்னும் முழுமையாக ஊர் வந்து சேராதவனாகவே நடத்தப்பட்டான்.

ஆகவே, நம்பிக்கை செயல்படுகிறதா என்று கேட்பதோடு, எத்தனை பேருடைய செயல் அந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்கிறது என்றும் கேளுங்கள். சடங்கைத் தனியொருவரின் மனத்துக்குள் நிகழும் ஒன்றாகக் கருதும் வரை, அதன் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடாது என்பதே என் கருத்து. 1960களின் இறுதியில் அரிசோனாவின் ரஃப் ராக் என்னும் ஊரில், அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் நிதியுதவியோடு, மூத்த பாடகர்கள் இளையோருக்குச் சடங்குகளைக் கற்பிக்கும் பயிற்சி தொடங்கியது. அதில் பங்கேற்ற மனநல மருத்துவர் ராபர்ட் பெர்க்மன் பாடகர்களுக்குத் தம் துறையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார், அவர்களிடமிருந்து தாமும் கற்றுக்கொண்டார். அந்த இருவழிப் பாதையையே நான் மதிக்கிறேன்.

கேள்வி: பூர்வகுடி மக்களின் துயரங்களைப் பற்றிய எழுத்துகளில் பெயர் பறிக்கப்பட்டது என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. நிலத்தையும் குழந்தைகளையும் இழந்தவர்களுக்குப் பெயர் அவ்வளவு பெரிய இழப்பா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நிலத்தோடும் குழந்தைகளோடும் பெயர் எப்படிப் பிணைந்திருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அது தனியான சிறிய இழப்பாகத் தோன்றாது.

ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களிடம், அண்மையில் இறந்த ஒருவரின் பெயர் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு வழங்கப்படும். பெயரில் ஆண் பெண் என்ற பிரிவில்லை. ஒரு பெண்குழந்தை தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தாங்கலாம். அதோடு அந்த மனிதரின் உறவுகளையும் அந்தக் குழந்தை தாங்குகிறது. இறந்தவரின் மகள் அந்தக் குழந்தையை 'அப்பா' என்று அழைப்பார்; இறந்தவரின் மனைவி 'கணவர்' என்று அழைப்பார். நடக்கக்கூடத் தொடங்காத குழந்தையிடம் மூத்தவர்கள் அந்த மரியாதையோடும் பாசத்தோடும் பேசுவார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். இறந்தவர் மறக்கப்படவில்லை, அவரை இழந்தவர் அன்பு செலுத்த ஓர் உயிருள்ள முகம் கிடைக்கிறது, குழந்தையோ பிறக்கும்போதே பல பேருக்கு வேண்டியவராகப் பிறக்கிறது. இரங்கலையும் வளர்ப்பையும் ஒரே செயலில் இணைத்த இதைவிட நுட்பமான ஏற்பாட்டை நான் அறியேன்.

இந்த மக்களின் பெயர்களை எழுதவும் உச்சரிக்கவும் கடினமாயிருக்கிறது என்பதற்காக, கனடா அரசு 1940களில் ஒவ்வொரு இனுயிட்டுக்கும் எண் பொறித்த ஒரு வட்டத் தகட்டை வழங்கியது. கிழக்குப் பகுதியினருக்கு ஓர் எழுத்தும் மேற்குப் பகுதியினருக்கு ஓர் எழுத்தும் முன்னே சேர்ந்து வரும். அதைக் கழுத்தில் அணிந்துகொள்ளவோ உடையில் தைத்துக்கொள்ளவோ வேண்டியிருந்தது. அரசு ஆவணங்களில் மனிதர்கள் அந்த எண்களாகவே இருந்தார்கள். பிறகு 1968 முதல் 1971 வரை ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு குடும்பமும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள உதவினார். எண்ணைவிட அது மேல்தான். ஆயினும் தந்தைவழிக் குடும்பப் பெயர் என்ற அமைப்பே அவர்களுடைய பெயரிடும் மரபுக்கு அயலானது.

பூர்வகுடிக் குழந்தைகளைத் தங்கள் பண்பாட்டுக்கு மாற்ற அரசும் கிறிஸ்தவத் திருச்சபைகளும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் நடந்தது இன்னும் கொடியது. கனடாவில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள், தலைமுறை தலைமுறையாக, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அந்தப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். வந்த நாளிலேயே தலைமுடி வெட்டப்பட்டது, உடை எடுத்துக்கொள்ளப்பட்டது, ஓர் ஆங்கில அல்லது பிரெஞ்சுப் பெயர் சூட்டப்பட்டது. பல பள்ளிகளில் எண்ணும் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளிக்கு முதல் ஆண்டிலேயே அனுப்பப்பட்ட, லகோட்டா என்னும் சமவெளி மக்களைச் சேர்ந்த சிறுவன் ஒருவன், கரும்பலகையில் எழுதியிருந்த படிக்கத் தெரியாத கோடுகளில் ஒன்றைக் கோலால் தொட்டுக் காட்டச் சொல்லப்பட்டதையும், தொட்ட கோடு தன் பெயராகிவிட்டதையும் பிற்காலத்தில் எழுதினார். அவர்தான் எழுத்தாளர் லூதர் ஸ்டாண்டிங் பேர் (Luther Standing Bear).

பெயர் மாறிய குழந்தை வீடு திரும்பும்போது, அதன் பழைய பெயரில் தங்கியிருந்த உறவுமுறைகளும் சடங்குப் பொறுப்புகளும் அதற்குத் தெரியாமல் போயிருந்தன. பாட்டியோடு பேச மொழியும் இல்லாமல் போயிருந்தது. தான் யாருக்கு என்ன முறை என்று தெரியாத மனிதர் துயரத்தின்போது யாரிடம் போவது என்று தெரியாதவராகவும் ஆகிவிடுகிறார். பெயர் பறிப்பு உடல்நலத்தையும் மனநலத்தையும் தொடுவது இந்த வழியில்தான்.

கேள்வி: இந்தச் சடங்குகள் சட்டத்தாலேயே தடை செய்யப்பட்டிருந்தன என்பது உண்மையா?

உண்மை. கனடாவில் 1884இல் கொண்டுவரப்பட்டு 1885இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் பசிபிக் கடற்கரை மக்களின் போட்லாட்ச் விழாவைக் குற்றமாக்கியது. 1895இல் இது சமவெளி மக்களின் சடங்குகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1951இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டு விதிகள் சூரிய நடனத்தையும் மருத்துவச் சடங்கு செய்வோரின் பணியையும் தண்டனைக்குரியவையாக்கின. பூர்வகுடிகளின் சமயச் சுதந்திரத்தைப் பாதுகாக்கும் சட்டம் 1978இல் வந்தது. நியூசிலாந்தில் மவோரி மக்களின் குணமாக்குநர்களுக்கு எதிராக 1907இல் இயற்றப்பட்ட சட்டம் 1962 வரை நீடித்தது.

போட்லாட்ச் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடிதங்களில் கேட்கப்படும் சடங்கு, பெயர் ஆகிய இரண்டு பொருள்களும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ஒரு குடும்பத்தின் பெயர்கள், நடனங்கள், முகமூடிகள், அவற்றோடு வரும் உரிமைகள் ஆகியவை அந்த விழாவில்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகின்றன. விருந்தினர்களுக்கு அள்ளிக் கொடுக்கப்படும் பொருள்கள் அவர்கள் சாட்சியாக நின்றதற்கான மரியாதை. பரிசைப் பெற்றுக்கொண்டவர், இந்தப் பெயர் இன்னாருக்கு வழங்கப்பட்டதை நான் பார்த்தேன் என்று பிற்காலத்தில் சொல்லக் கடமைப்படுகிறார். சாட்சிகள் கூடுவதைத் தடுத்த சட்டம் பெயர் செல்லுபடியாவதையே தடுத்தது. அதிகாரிகளின் கண்ணுக்கு அது வெறும் ஊதாரித்தனமாகத் தெரிந்தது.

1921இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லேஜ் தீவில் நடந்த பெரிய போட்லாட்சுக்குப் பின் பலர் கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிமுதலாகி அருங்காட்சியகங்களுக்கும் தனியாருக்கும் போய்ச் சேர்ந்தன. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் அவற்றில் பெரும்பகுதி திரும்பியது. அவற்றுக்கென அலர்ட் பே என்ற ஊரில் ஊமிஸ்தா பண்பாட்டு மையம் 1980இல் திறக்கப்பட்டது.

கேள்வி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது என்கிறார்கள், கனடாவில் இறந்த குழந்தைகளின் பெயர்களை உரக்க வாசிக்கிறார்கள். இவற்றில் எது துக்கத்தை ஆற்றும்?
(மகனை இழந்த தாய்)

அம்மா, உங்கள் கேள்வியைப் பலமுறை படித்தேன். இரண்டுமே ஆற்றுகின்றன; இரண்டிலும் தனியொருவர் தம் விருப்பத்துக்குப் பெயரைச் சொல்வதோ விடுவதோ இல்லை, சுற்றமே சேர்ந்து செய்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல நினைக்கிறேன்.

மத்திய ஆஸ்திரேலியாவின் பல சமூகங்களில் ஒருவர் இறந்ததும் அவருடைய பெயர் சில காலம், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், பேச்சிலிருந்து விலக்கப்படுகிறது. அதே பெயருடைய உயிரோடிருப்பவர்களும் அந்தக் காலத்தில் 'குமன்ஜாய்' போன்ற பொதுவான மாற்றுப் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். இதனால் துக்கத்தில் உள்ளவர் எதிர்பாராத இடத்தில் அந்தப் பெயரைக் கேட்டு நிலைகுலைய நேர்வதில்லை. மற்றவர்கள் ஒவ்வொரு முறை மாற்றுப் பெயரைச் சொல்லும்போதும் அவருடைய இழப்பை நினைவில் வைத்திருப்பதாகவே உணர்த்துகிறார்கள். காலம் நிறைந்தபின் குடும்பம் இசைந்தால் பெயர் திரும்பவும் புழக்கத்துக்கு வரும்.

கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் இறந்த குழந்தைகளின் நிலை வேறு. அங்கே மௌனம் உறவினர்கள் தேர்ந்துகொண்டதன்று. பதிவேடுகளின் அலட்சியம் அவர்கள் மீது சுமத்தியது. இந்தப் பள்ளிகளின் வரலாற்றை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தான் கண்டறிந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு, இறந்த குழந்தையின் பெயரே பதியப்படவில்லை என்று 2015இல் தெரிவித்தது. அதனால்தான் 2019 செப்டம்பர் 30 அன்று கட்டினோ நகரில், 2,800 குழந்தைகளின் பெயர்கள் எழுதிய 50 மீட்டர் நீளச் சிவப்புத் துணி சடங்கு முறைப்படி விரிக்கப்பட்டபோது, பலருக்கு அது நடைபெறாமலே போன ஈமக் கடனின் ஒரு பகுதியாக அமைந்தது. அந்தப் பட்டியலில் பின்னர் மேலும் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

உங்கள் மகனின் பெயரைச் சொல்லும்போது நெஞ்சு அடைத்தால் சில காலம் சொல்லாதிருங்கள். சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். எதைத் தேர்ந்தாலும், அதை வீட்டில் உள்ளவர்களிடம் வெளிப்படையாகக் கூறி, அவர்களையும் அதற்குத் துணையாக இருக்கச் செய்யுங்கள்.

கேள்வி: இவற்றால் பயன் உண்டு என்பதற்கு அளந்து காட்டிய சான்று ஏதும் உண்டா?
(பொதுமருத்துவர்)

சடங்கைத் தனியே பிரித்தெடுத்து மாத்திரைபோல் சோதிப்பது கடினம். பல சமூகங்கள் அதற்கு ஒப்புக்கொள்வதுமில்லை, அவ்வாறு மறுப்பது அவர்களுடைய உரிமை. ஆயினும் சமூகங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு உங்களுக்குப் பயன்படும். மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 200க்குச் சற்றுக் குறைவான பூர்வகுடிச் சமூகங்களில் 1987 முதல் 1992 வரை நிகழ்ந்த இளைஞர் தற்கொலைகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். பூர்வகுடி இளைஞர்களிடையே தற்கொலை மிகுதி என்ற பொதுப் பேச்சு அங்கே உடைந்தது: பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் அந்த ஆண்டுகளில் ஓர் இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை, சில சமூகங்களிலோ விகிதம் மிகக் கொடுமையாக இருந்தது.

நிலவுரிமைக்கான முயற்சி, தன்னாட்சி, கல்வி, மருத்துவம், காவல் மற்றும் தீயணைப்பு, பண்பாட்டுக்கென ஒதுக்கிய கட்டடங்கள் ஆகிய ஆறும் சமூகத்தின் கையில் இருந்த இடங்களில் இளைஞர் தற்கொலை எதுவும் பதிவாகவில்லை. ஒன்றுமே இல்லாத இடங்களில் மிக அதிகமாக இருந்தது. 2007இல் டார்சி ஹாலெட்டுடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, பாதிக்கும் மேற்பட்டோர் தாய்மொழியில் உரையாடக்கூடிய சமூகங்களிலும் தற்கொலை மிகக் குறைவு என்றது. இவை சடங்கை நேரடியாக அளந்த ஆய்வுகள் அல்ல; இணைந்து காணப்படுபவை காரணமும் விளைவுமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் நேற்றைய தம்மையும் நாளைய தம்மையும் தொடர்புபடுத்திக் காணும் திறன் இளைஞர்களுக்குச் சமூகத்தின் வழியாகவே கிடைக்கிறது என்ற அவர்களுடைய விளக்கம், பெயரும் சடங்கும் செய்யும் பணியோடு நன்கு பொருந்துகிறது.

நிர்வாகத் தளத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ, ஓரிகன் ஆகிய மாநிலங்களில் மரபுவழிக் குணமாக்கும் முறைகளுக்கு குறைந்த வருமானத்தினருக்கான அரசின் மெடிகெய்ட் காப்பீட்டிலிருந்து பணம் வழங்க 2024 அக்டோபரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

கேள்வி: நான் நடத்தும் மனநலப் பயிலரங்குகளில் வியர்வைக் குடிலையும் 'ஆன்மப் பெயர்' சூட்டுதலையும் சேர்க்க விரும்புகிறேன். வழிகாட்ட முடியுமா?

வேண்டாம் என்பதே என் வழிகாட்டல். உங்கள் நோக்கம் நல்லதாக இருக்கலாம், இருந்தும் வேண்டாம்.

வியர்வைக் குடில் என்பது, மூடிய சிறு குடிலுக்குள் சூடேற்றிய கற்களின் மீது நீர் ஊற்றி, எழும் ஆவியில் அமர்ந்து செய்யும் சடங்கு. அதை நடத்துபவர் அதை ஆண்டுக்கணக்கில் இன்னொருவரிடம் கற்று, நடத்தும் உரிமையைப் பெற்றவர். உள்ளே வருபவர்களின் உடல்நிலையையும் குடும்பத்தையும் அறிந்தவர். ஏதேனும் தவறினால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே, தலைக்கு 9,000 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கிய ஒரு தன்முன்னேற்றப் பேச்சாளர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே குடிலில் அடைத்து நடத்திய நிகழ்ச்சியில் மூவர் இறந்தார்கள். 2011இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அந்த நிகழ்ச்சிக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, 1993இல், லகோட்டா மக்கள் தங்கள் சடங்குகளை விற்பனைப் பொருளாக்குவோருக்கு எதிராகப் பகிரங்கமாகப் போர்ப் பிரகடனம் செய்திருந்தார்கள்.

பெயரும் அவ்வாறே. வட அமெரிக்காவின் பேரேரிகள் பகுதியில் வாழும் அனிஷினாபே மக்களிடம் பெயர் வேண்டுபவர், அல்லது குழந்தைக்காக அதன் பெற்றோர், ஒரு மூத்தவரிடம் புகையிலையைக் காணிக்கையாக வைத்துக் கேட்கிறார்கள். அவர் ஏற்றுக்கொண்டால், வேண்டுதலாலும் நோன்பாலும் கனவாலும் அந்தப் பெயரைத் தேடுகிறார். அதற்கு மாதங்கள் ஆகலாம். கிடைத்த பெயரை நான்கு திசைகளுக்கும் அறிவிக்க, கூடியிருப்போர் அதைத் திரும்பச் சொல்கிறார்கள். அன்று முதல் பெயர் தந்தவருக்கும் பெற்றவருக்கும் வாழ்நாள் உறவு தொடங்குகிறது. இரண்டு நாள் பயிலரங்கில் நீங்கள் சூட்டும் பெயருக்குப் பின்னால் அந்த உறவு எங்கே இருக்கும்? பங்கேற்பாளர் மறுநாள் அழுதுகொண்டு அழைத்தால் எந்த மூத்தவர் எழுந்து வருவார்? அந்த மக்களின் துயரத்தில் எந்தப் பங்கும் ஏற்காமல் அவர்கள் காத்துவைத்த மருந்தை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகக் கனடாவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பூர்வகுடி நோயாளிகள் சடங்குக்கு அனுமதி கேட்கும்போது என்ன செய்வதென்று தடுமாறுகிறேன். தவறாக நடந்துவிடக்கூடாது என்ற அச்சமும் இருக்கிறது.
(தமிழ்ச் செவிலியர்)

அந்த அச்சம் உங்கள் நோயாளிக்கும் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் கியூபெக் மாநிலத்தில் ஜாய்ஸ் எச்சாக்வான் என்ற அட்டிக்கமெக் இனப் பெண், மருத்துவமனைப் படுக்கையில் பணியாளர்கள் தம்மை இழிவாகப் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்தார், அன்றே இறந்தார். அவருடைய மக்கள், எந்தப் பூர்வகுடியினரும் பாகுபாடின்றி மருத்துவம் பெற வேண்டும் என்ற கோரிக்கையை 'ஜாய்ஸின் கோட்பாடு' என்று அவர் பெயராலேயே வகுத்தார்கள். நீங்கள் அறைக்குள் நுழையும்போது நோயாளி இத்தகைய செய்திகளோடுதான் உங்களைப் பார்க்கிறார்.

புகையிடுதல் என்பது சேஜ் என்னும் நறுமணச் செடி, இனிப்புப் புல், தேவதாரு போன்றவற்றைச் சிறிய கிண்ணத்தில் கனலவைத்து, அந்தப் புகையை உடலின் மீது வாரிக்கொள்வது. பல மருத்துவமனைகளில் இதற்கென ஓர் அறையோ, புகை உணரியைச் சில நிமிடம் நிறுத்திவைக்கும் விதியோ உண்டு. ஆக்சிஜன் உள்ள இடத்தில் தீ கூடாது என்பதை வெளிப்படையாகக் கூறி, வேறு இடத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பூர்வகுடி நோயாளிகளுக்கான ஒருங்கிணைப்பாளர் உங்கள் மருத்துவமனையில் இருந்தால், கேட்கப்பட்ட அன்றே அவரை அழையுங்கள். நோயாளி விரும்பினால் மூத்தோருடன் இணைந்து சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் 22ஆவது பரிந்துரை. நீங்கள் சலுகை எதையும் செய்யவில்லை. எல்லோரும் சடங்கை விரும்புவார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். தீவிரக் கிறிஸ்தவர்களும் எந்த வழிபாட்டிலும் நாட்டமில்லாதவர்களும் அவர்களிடையே பலர் உண்டு.

படுக்கையருகே துணியால் சுற்றிய பொதியோ கழுகு இறகோ இருந்தால் கேட்காமல் தொடாதீர்கள்; நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நோயாளியையோ உறவினரையோ நகர்த்தச் சொல்லுங்கள். அறுவைக்காகத் தலைமுடியை வெட்ட நேர்ந்தால், உயிர் காக்கும் அவசரம் இல்லாதவரை, ஏன் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று விளக்கி இசைவு பெறுங்கள். வெட்டிய முடியைக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். பள்ளியில் நுழைந்த நாளில் முடி வெட்டப்பட்ட ஒரு பாட்டியாக அவர் இருக்கக்கூடும்.

பெயரைப் பொறுத்தவரை, அட்டையில் உள்ள பெயரைப் படிப்பதோடு நில்லாமல், தங்களை எப்படி அழைக்கட்டும் என்று கேளுங்கள். அடையாள அட்டையில் இருப்பது அவருக்கோ அவருடைய பெற்றோருக்கோ பள்ளி சூட்டிய பெயராக இருக்கலாம். ஆணையத்தின் 17ஆவது பரிந்துரையை ஏற்று, 2021 ஜூன் முதல் ஐந்தாண்டுகளுக்குக் கடவுச்சீட்டு உள்ளிட்ட ஆவணங்களில் பூர்வகுடிப் பெயரைக் கட்டணமின்றி மீட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் அந்த ஆவணங்கள் ரோமன் எழுத்துகளையும் சில பிரெஞ்சுக் குறிகளையும் மட்டுமே ஏற்றதால், பல பூர்வகுடி மொழிகளின் ஒலிகளுக்கு அவற்றில் இடமில்லாமல் போனது. எனவே அவர் சொல்லும் பெயரை உங்கள் குறிப்பேட்டில் ஒலிப்பு முறையோடு எழுதி, பணி மாறும்போது அடுத்து வரும் செவிலியரிடம் வாயாலும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தவறாக ஒலித்தால் திருத்தும்படி நோயாளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.